கயாக்கில் கடலுக்குப் போகிறவர்களுக்கு: வயர்லெஸ்ஸும் அவசர அழைப்பும், படிப்படியாக

கோவளம் முதல் புதுச்சேரி வரை, இந்தப் பக்கம் ராமேஸ்வரம், தூத்துக்குடி என்று கயாக்கும் துடுப்புப் பலகையும் ஓட்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள். அலை தாண்டப் பழகியதும் பலர் செய்கிற அடுத்த காரியம், கையடக்க வயர்லெஸ் ஒன்றை வாங்கிப் படகில் போட்டுக்கொள்வது. கருவி வாங்குவது மூன்றாவது படிதான். அதற்கு முன்னால் இரண்டு வேலைகள் இருக்கின்றன. அதற்குப் பின்னால் நிறைய இருக்கின்றன.

அவசர அழைப்பு என்பது ஒரு சங்கிலி. கருவியில் மின்சாரம் இருக்க வேண்டும், அது கைக்கு எட்ட வேண்டும், சரியான சேனலில் இருக்க வேண்டும், எதிர்முனையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அவருக்குப் புரிய வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை வீண். கீழே உள்ள வரிசை அந்தக் கண்ணிகளின் வரிசைதான்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: உடம்போடு ஒட்டி நிற்கும் லைஃப் ஜாக்கெட், அதில் கட்டிய விசில், நீர்புகா உறையில் கைபேசி, படகுக்கு ஒரு பெயர். பெயர் அலங்காரத்துக்கு இல்லை. வயர்லெஸ்ஸில் நீங்கள் அந்தப் பெயரால்தான் அறியப்படுவீர்கள். இரண்டு மூன்று அசைகளில், காற்றிலும் தெளிவாகக் கேட்கும் பெயராக வையுங்கள்.

1. கரையில் ஓர் ஆள்

எந்தக் கருவியையும் விட நம்பகமானது, நீங்கள் திரும்பவில்லை என்பதைக் கவனிக்கிற ஒரு மனிதர். அவரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டியவை: எங்கே இறங்குகிறீர்கள், எந்தத் திசையில் எவ்வளவு தூரம், எத்தனை பேர், படகுகளின் நிறம், திரும்பும் நேரம், எந்த மணிக்கு மேல் அவர் யாரை அழைக்க வேண்டும்.

கடைசி விவரத்தைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 'சாயங்காலம் வந்துடுவோம்' என்று மட்டும் சொன்னால், கரையில் இருப்பவர் எட்டு மணி வரை யோசித்துக்கொண்டே இருப்பார். 'நாலு மணிக்குத் திரும்புவோம். நாலரைக்கும் என் போன் வரவில்லை என்றால் 1554-ஐ அழையுங்கள்' என்று எழுதிக் கொடுத்தால் அவருக்குத் தயக்கம் இருக்காது. திரும்பியதும் முதல் வேலையாக அவருக்குச் சொல்லிவிடுங்கள். சொல்ல மறந்தால் தேவையில்லாமல் ஒரு தேடுதல் தொடங்கும்.

அந்தக் கரையின் மீனவர்களிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். நம் கரையோரத்தில் ஆபத்து வந்தால் பெரும்பாலும் முதலில் வந்து சேரக்கூடியது பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருக்கும் ஃபைபர் படகுதான். அவர்கள் வயர்லெஸ் வைத்திருக்கிறார்களா, எந்த சேனலில் பேசிக்கொள்கிறார்கள், இன்று யார் எந்தப் பக்கம் போயிருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊருக்கு ஊர் இது மாறும்.

2. கைபேசியைத் தயார் செய்வது

கரையோரத்தில் கைபேசி பல இடங்களில் வேலை செய்யும். அதனால் அதை ஒதுக்க வேண்டாம். ஆனால் அதை மட்டும் நம்பவும் வேண்டாம். மூன்று எண்களைப் பதிந்துகொள்ளுங்கள்: கடலோரக் காவல்படையின் தேடல் மீட்பு எண் 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093, பொது அவசர எண் 112.

ஈர விரலுக்குத் தொடுதிரை கீழ்ப்படியாது. உறைக்குள் இருக்கும்போது இன்னும் மோசம். எனவே பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி அவசர அழைப்பு போகும்படி அமைப்புகளில் மாற்றி, உறையோடு, நனைந்த கையோடு கரையிலேயே அந்தத் திரை வரும்வரை பழகிப் பாருங்கள். அழைப்பு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. எந்தக் கருவி, என்ன உரிமம்

கடலுக்கு வேண்டியது கடல்சார் வி.எச்.எஃப். கையடக்கக் கருவி. அதன் உலகப் பொது அவசர சேனல் 16, அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ். கடலோரக் காவல்படையும் பெரிய கப்பல்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: தண்ணீரில் மிதக்க வேண்டும், நீர்த்தடுப்புத் தரம் குறைந்தது ஐ.பி.எக்ஸ்.7, அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்க வேண்டும். 5 வாட் ஆற்றலும் 1 வாட்டுக்கு இறக்கும் வசதியும் இருக்க வேண்டும். ஜி.பி.எஸ்ஸும், அழுத்தினால் அவசரச் செய்தியைத் தானாக அனுப்பும் டி.எஸ்.சி. என்னும் சிவப்புப் பொத்தானும் சேர்ந்து வந்தால், கூடுதல் விலைக்கு அது தகுதியானது. வெளிநாட்டுக் கருவி என்றால் சேனல் தொகுப்பு அமெரிக்க முறையில் இருக்கலாம். சர்வதேச முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 16 இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் வேறு பல சேனல்கள் மாறும்.

இந்தியாவில் இந்தக் கருவியை வைத்திருக்கவும் இயக்கவும் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவின் உரிமம் வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி-டாக்கியை வாங்கி அதில் 156.8-ஐப் பதிந்துகொண்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். உரிமமில்லாமல் அது சட்டவிரோதம், பல மாதிரிகள் தண்ணீரில் விழுந்தால் அதோடு முடிந்தன. உரிமம் கைக்கு வரும்வரை ஒரு பயிற்றுநரின் குழுவோடு, உரிமம் உள்ள கருவி கூட இருக்கும்போது மட்டும் தூரம் போங்கள்.

குழுவுக்குள் பேசிக்கொள்ள மட்டும் என்றால் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த ஆற்றல் வாக்கி-டாக்கிகளுக்கு இங்கே உரிம விலக்கு உண்டு. 'முன்னால் போகாதே, காத்திரு' என்று சொல்ல அது உதவும். அந்த அலைவரிசையைக் காவல்படை கேட்பதில்லை என்பதை மறக்க வேண்டாம்.

4. கருவி உடம்பில் இருக்க வேண்டும்

புதியவர்களிடம் நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது இதுதான்: வயர்லெஸ் படகின் பின்பக்க அறையில், பையில், பாதுகாப்பாக மூடி வைக்கப்பட்டிருக்கும். கயாக் கவிழ்ந்து, காற்று அதை உங்களிடமிருந்து இழுத்துப்போனால், கருவியும் சேர்ந்து போகும். கவிழ்ந்த நிமிடத்தில்தான் அது வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டின் மார்புப் பக்கத்தில் பைக்குள் வைத்து, குட்டையான கயிற்றால் கட்டுங்கள். கயிறு கருவியை முகத்துக்கு நேரே தூக்கும் அளவு நீளம் இருந்தால் போதும். அதற்கு மேல் நீண்டால் துடுப்பிலும் கழுத்திலும் சிக்கும். பிறகு இடுப்பளவு தண்ணீரில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கையால் எடுத்து, இயக்கி, 16-க்குக் கொண்டுவந்து பாருங்கள். பேசும் பொத்தானைத் தொட வேண்டாம். வலது கை, இடது கை இரண்டிலும் இது வர வேண்டும். ஒரு தோள் பிசகினால் மற்ற கைதான் மிச்சம்.

5. எவ்வளவு தூரம் எட்டும்

வி.எச்.எஃப். அலை ஏறத்தாழ நேர்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவு மறைத்துவிட்டால் வாட் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் அதன் தொடுவானம் கிடைக்கும். இரு முனைகளுக்கும் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும்.

கயாக்கில் உட்கார்ந்திருப்பவரின் ஆன்டெனா ஒரு மீட்டர் என்றால் அவர் பக்கம் 4 கி.மீ. ஆன்டெனா நான்கு மீட்டரில் இருக்கும் மீன்பிடிப் படகின் பக்கம் 8 கி.மீ. ஆக 12. கரையில் 50 மீட்டர் கோபுரம் என்றால் 33. இன்னொரு கயாக் என்றால் 8 மட்டும். அலையும் ஈரமும் உங்கள் உடம்பும் குறுக்கே வருவதால் நடைமுறையில் இதில் பாதியை நம்பித் திட்டமிடுங்கள். இன்னொன்றும் உண்டு: தண்ணீரில் மிதக்கும்போது ஆன்டெனா முப்பது சென்டிமீட்டர்தான் உயரும், உங்கள் பக்கத் தொடுவானம் 2 கி.மீ. சொச்சமாகச் சுருங்கிவிடும். கவிழ்ந்த படகின் மேல் ஏறிப் படுத்தாவது, கருவியை நிமிர்த்திப் பிடித்து, அலையின் உச்சிக்கு வரும்போது பேசுங்கள்.

6. பேசப் பழகுவது

பொத்தானை அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, பிறகு பேச வேண்டும். உடனே பேசினால் முதல் சொல் வெட்டுப்படும். பல நேரம் அந்த முதல் சொல்தான் 'மேடே', அதாவது உயிருக்கு ஆபத்து என்னும் அழைப்பு. வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, காற்றுக்கு முதுகு காட்டி, சாதாரணக் குரலில் பேசுங்கள். கத்தினால் ஒலி சிதையும். ஒலிவாங்கித் துளையில் தண்ணீர் நின்றால் குரல் குகைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும், உதறிவிட்டுப் பேசுங்கள்.

பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்லிப் பொத்தானை விட்டுவிட வேண்டும். விரலை எடுக்காதவரை உங்களுக்கு எதுவும் கேட்காது, அந்த சேனலை உங்களைச் சுற்றியுள்ள யாராலும் பயன்படுத்தவும் முடியாது. மார்புப் பையில் இறுகி பொத்தான் தானாக அழுந்திக்கொள்வதும் நடக்கும். பையின் அளவை இதற்காகவே சரிபாருங்கள்.

16-இல் அரட்டை கூடாது, கருவிச் சோதனையும் கூடாது. சோதனையை உரிமத்தில் அனுமதித்த வேறு சேனலில், உங்கள் தோழரின் கருவியோடு செய்யுங்கள்.

7. இருப்பிடத்தைச் சொல்வது

'கரையிலிருந்து கொஞ்ச தூரம்' என்பது தேடுபவருக்கு எதுவும் சொல்லாது. இருப்பிடத்தை இரண்டு விதமாகச் சொல்லப் பழகுங்கள்: ஆயத்தொலைவாகவும், ஊர்ப்பெயர் கொண்டும்.

ஆயத்தொலைவில்தான் பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. கைபேசி வரைபடம் பெரும்பாலும் டிகிரியின் தசமத்தில் காட்டும்: 12.79, 80.28. கடலில் டிகிரியும் நிமிடமுமாகச் சொல்வதுதான் வழக்கம். தசமப் பகுதியை 60-ஆல் பெருக்கினால் நிமிடம் வரும்: 12 டிகிரி 47.4 நிமிடம் வடக்கு, 80 டிகிரி 16.8 நிமிடம் கிழக்கு. பதற்றத்தில் 80.28-ஐ '80 டிகிரி 28 நிமிடம்' என்று படித்துவிட்டால், உங்களைத் தேடும் படகு சுமார் 20 கி.மீ. கிழக்கே, ஆழ்கடலில் போய்த் தேடும். கையில் இருக்கும் ஜி.பி.எஸ்ஸை, வயர்லெஸ்ஸை, கைபேசிச் செயலியை எல்லாம் டிகிரி, தசம நிமிடம் என்ற ஒரே முறைக்குக் கரையிலேயே மாற்றிவிடுங்கள். அப்போது கடலில் கணக்குப் போட வேண்டிய அவசியமே வராது.

எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். 'ஃபார்ட்டி செவன்' என்றால் இரைச்சலில் வேறாகக் கேட்கும். 'ஃபோர் செவன்' என்பது நிற்கும். பிறகு, 'கோவளத்துக்குக் கிழக்கே மூணு கிலோமீட்டர்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். எண்ணில் ஒன்று தவறினாலும் இது காப்பாற்றும். ஃபைபர் படகுக்காரருக்கு இதுதான் உடனே புரியும்.

8. மேடேவா, பான்-பானா

உயிருக்கு இப்போதே ஆபத்து என்றால் மேடே: படகுக்குத் திரும்ப ஏற முடியாமல் தண்ணீரில் இருப்பது, நெஞ்சுவலி, ஆள் காணாமல் போனது. அவசரம்தான், ஆனால் இந்த நிமிடம் உயிர் போகாது என்றால் பான்-பான்: துடுப்பு போய்விட்டது, தோள் பிசகியது, மேற்குக் காற்று கடலுக்குள் தள்ளுகிறது, திரும்ப வலுவில்லை.

புதியவர்கள் பான்-பானைப் பயன்படுத்தவே தயங்குகிறார்கள். 'இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணிப் பார்ப்போம்' என்று துடுப்புப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். நான்கரை மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போது, கரையிலிருந்து மூன்று கிலோமீட்டரில் சொன்ன பான்-பான் ஒரு படகின் அரை மணி வேலை. அதே ஆள் ஏழு மணிக்கு இருட்டில், ஏழு கிலோமீட்டர் தள்ளி, வயர்லெஸ் எட்டாத இடத்திலிருந்து சொல்லும் மேடே யாருக்கும் கேட்காமல் போகலாம். கரை நெருங்காமல் விலகுகிறது என்று தெரிந்த உடனே அழையுங்கள். நிலைமை சரியானால் ரத்து செய்துகொள்ளலாம். அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள்.

9. மேடே அழைப்பின் வரிசை

சேனல் 16, முழு ஆற்றல், பொத்தானை அழுத்தி ஒரு நொடி. பிறகு இப்படி:

'மேடே, மேடே, மேடே.
திஸ் இஸ் கயாக் கொண்டல், கயாக் கொண்டல், கயாக் கொண்டல்.
மேடே, கயாக் கொண்டல்.
பொசிஷன் ஒன் டூ டிகிரீஸ் ஃபோர் செவன் டெசிமல் ஃபோர் மினிட்ஸ் நார்த், எய்ட் ஸீரோ டிகிரீஸ் ஒன் சிக்ஸ் டெசிமல் எய்ட் மினிட்ஸ் ஈஸ்ட். த்ரீ கிலோமீட்டர்ஸ் ஈஸ்ட் ஆஃப் கோவளம்.
கேப்சைஸ்டு, கெனாட் ரீ-என்டர்.
ரிக்வெஸ்ட் இமீடியட் ரெஸ்க்யூ.
டூ பெர்சன்ஸ் இன் த வாட்டர்.
யெல்லோ கயாக், லைஃப் ஜாக்கெட்ஸ் ஆன்.
ஓவர்.'

உரிமத்தில் அழைப்புக்குறி இருந்தால் அதைப் படகின் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. மூன்று முறை மேடே, கேட்பவரைப் பேனா எடுக்க வைக்கிறது. அடுத்து பெயர். அதற்கடுத்து இருப்பிடம், ஏனென்றால் அந்த இடத்தோடு பேட்டரி செத்தாலும், அலை அடித்துக் கருவி கைநழுவினாலும், தேடுவதற்கு ஓர் இடம் கிடைத்துவிடும். என்ன நடந்தது என்ற கதையை முதலில் சொல்லத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்கிற பிழை. கவிழ்ந்த விதம் யாருக்கும் தேவையில்லை, இடம் தேவை.

இதை முடித்த கையோடு அதே செய்தியைத் தமிழில் சொல்லுங்கள்: 'கோவளத்துக்குக் கிழக்கே மூணு கிலோமீட்டர், மஞ்சள் கயாக், ரெண்டு பேர் தண்ணியில இருக்கோம், உடனே படகு வேணும்.' பக்கத்துப் படகில் இருக்கும் அண்ணன்மாருக்கு அந்த ஒரு வரி போதும்.

ஆங்கில வடிவத்தை நீர்புகா அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதி, இருப்பிடத்துக்கு மட்டும் வெற்றிடம் விட்டு, கயாக்கின் மேல்தளத்தில் கண்ணுக்கு நேரே ஒட்டுங்கள். குளிரிலும் பயத்திலும் மனப்பாடம் கைவிடும். இன்னொரு நகல் லைஃப் ஜாக்கெட் பையில் இருக்கட்டும்.

10. சிவப்புப் பொத்தான் இருந்தால்

டி.எஸ்.சி. உள்ள கருவியில் மூடியைத் திறந்து சிவப்புப் பொத்தானைக் கருவி சொல்லும் நேரம், சாதாரணமாக மூன்று முதல் ஐந்து நொடி, அழுத்திப் பிடித்தால் உங்கள் அடையாள எண்ணும் இருப்பிடமும் சேனல் 70 வழியாகத் தானாகப் போகும். பிறகு 16-இல் குரலில் மேடே சொல்ல வேண்டும்; பக்கத்துச் சிறு படகில் டி.எஸ்.சி. இல்லாமல் இருக்கலாம்.

எம்.எம்.எஸ்.ஐ. என்ற ஒன்பது இலக்க அடையாள எண்ணைப் பதியாத கருவியில் பெரும்பாலும் இந்தப் பொத்தான் வேலை செய்யாது. கடையிலிருந்து வந்த கருவியில் அந்த எண் இருக்காது. உரிம வழியில் பெற்றுப் பதிய வேண்டும். பல கருவிகளில் ஓரிரு முறைதான் பதிய முடியும் என்பதால், கற்பனை எண்ணைப் போட்டுப் பார்ப்பது கருவியையே வீணாக்கும்.

11. அழைத்த பின்

பொத்தானை விட்டுவிட்டுக் கேளுங்கள். அரை நிமிடம் பதில் இல்லை என்றால் மீண்டும் முழுச் செய்தியையும் சொல்லுங்கள். பதில் வந்தால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். சேனல் மாறச் சொன்னால் மாறுங்கள். அங்கே தொடர்பு கிடைக்காவிட்டால் 16-க்குத் திரும்புங்கள்.

படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். தண்ணீரில் ஒரு தலையைவிட மஞ்சள் கயாக் பல மடங்கு தூரத்திலிருந்து தெரியும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுப்பதால் இருப்பிடம் மாறிக்கொண்டே இருக்கும். நேரத்தோடு சேர்த்துப் புதிய இருப்பிடத்தைச் சொல்லுங்கள். பேசும்போதுதான் பேட்டரி வேகமாகக் குறையும். கேட்பதற்கு அதிகம் செலவாகாது. எனவே அணைத்துவிடாமல் குறைவாகப் பேசுங்கள்.

மற்றவரின் மேடே உங்களுக்குக் கேட்டால் பேசாமல் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் பதில் சொல்லவில்லை என்றால் 'மேடே ரிலே' என்று மூன்று முறை சொல்லி, அவர் சொன்னதை அப்படியே கடத்துங்கள்.

12. வயர்லெஸ் எட்டாதபோது

பி.எல்.பி. என்னும் கையடக்க அவசர ஒளிபரப்பி 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் என்னும் சர்வதேச மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்களுக்குச் செய்தி அனுப்பும். நம் பகுதியில் அது பெங்களூருவில் இஸ்ரோ நடத்தும் மையம் வழியாகக் கடலோரக் காவல்படைக்குப் போகும். குறைந்தது 24 மணி நேரம் அனுப்பிக்கொண்டிருக்கும். ஆன்டெனா வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்க வேண்டும். தண்ணீருக்குள் பிடித்தால் பயனில்லை. ஒவ்வொரு கருவியிலும் ஒரு நாட்டின் குறியீடு எழுதப்பட்டிருக்கும். வெளிநாட்டில் வாங்கியதை அப்படியே இங்கே இயக்கினால், உங்கள் விவரம் தேடி முதல் கேள்வி அந்த நாட்டுக்குப் போகும். இந்தியக் குறியீட்டோடு வாங்கி, இஸ்ரோவின் பதிவேட்டில் பதிந்துகொள்ளுங்கள்.

செயற்கைக்கோள் செய்திக் கருவிகளில் கவனம் வேண்டும். துராயா, இரிடியம் தொலைபேசிகளை அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். இரிடியம் வலையில் இயங்கும் கார்மின் இன்ரீச்சும் இதில் அடங்கும். அதை வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் கைதாகியிருக்கிறார்கள். வெளிநாட்டு நண்பர் பரிசாகக் கொண்டுவருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கண்ணால் காணும் சைகைகளைப் படகு அல்லது விமானம் கண்ணில் படும்போது மட்டும் பயன்படுத்துங்கள். கப்பல்களுக்கான தரத்தில் செய்த சிவப்புக் கைத்தீவட்டி ஒரு நிமிடம்தான் எரியும், ஆரஞ்சுப் புகை மூன்று நிமிடம். அவசரத்தில் முதல் நிமிடமே கொளுத்தித் தீர்த்துவிடுகிறவர்கள் உண்டு. காற்று வரும் பக்கமாக நீட்டாதீர்கள். தீவட்டியின் கங்கு முகத்துக்கு வரும். எதுவும் இல்லை என்றால் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசைப்பது சர்வதேச ஆபத்துச் சைகை. ஒரு கையை மட்டும் ஆட்டினால், தூரத்துப் படகு பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போய்விடும்.

13. தவறுதலாக அழைப்பு போய்விட்டால்

கருவியை அணைத்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் மிகத் தவறு. ஒரு கப்பலோ விமானமோ உங்களைத் தேடிக் கிளம்பியிருக்கும். 16-இல் 'ஆல் ஸ்டேஷன்ஸ்' என்று மூன்று முறை அழைத்து, படகின் பெயர், இருப்பிடம், நேரம் சொல்லி, அழைப்பை ரத்து செய்வதாகச் சொல்லுங்கள். பி.எல்.பி. என்றால் அணைத்துவிட்டு உடனே 1554-க்குத் தெரிவியுங்கள்.

14. கரை திரும்பியதும்

கரையிலிருக்கும் ஆளுக்குச் சொல்லுங்கள். கருவியை நல்ல தண்ணீரில் கழுவி, ரப்பர் மூடிகளில் உப்பும் மணலும் போகத் துடைத்து, முழுதும் காய்ந்த பிறகே மின்னேற்றம் செய்யுங்கள். ஈரமான மின்முனையில் ஏற்றினால் பச்சை பிடித்து, அடுத்த முறை திரையில் பேட்டரி முழுதாகக் காட்டிவிட்டு, பேசும்போது அணைந்துபோகும். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலும் நீர்த்தடுப்பு போய்விடும். பி.எல்.பி.யின் பேட்டரிக் காலாவதித் தேதியையும் தீவட்டியின் தேதியையும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பார்த்து, மேடே அட்டையின் மறுபக்கத்தில் எழுதி வையுங்கள்.